பிட்டர் சீனிச்சாமியின் டிஜிட்டல் அவுட்

சீனிச்சாமி அண்ணாச்சி ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த என் கடைக்கு முதன்முதலாக வந்தது 2008-இல், ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில். ராஜபாளையத்திலிருந்து டவுன் பஸ்ஸில், கம்ப்யூட்டரின் சி.பி.யூ. பெட்டியைக் காடாத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டாராம். "மடியில இருக்கதுக்கு என்னய்யா டிக்கெட்டு, கைப்புள்ளைக்கு டிக்கெட் போடுவியா" என்று இவர் திருப்பிக் கேட்டிருக்கிறார். அதைச் சொல்லிவிட்டுத்தான் பெட்டியையே கீழே வைத்தார்.

வைத்தவர் என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார்.

"மெக்கானிக் இல்லையா தாயி?"

"நான்தான்."

இந்தப் பதிலைத் தினம் நாலு தடவை சொல்லி எனக்கு அலுத்துப் போயிருந்த காலம் அது. வடக்கு ரத வீதியில் கடை போட்டு மூன்று வருடம் ஆகியும், 'வீட்டுக்காரர் எப்ப வருவாரும்மா' என்று கேட்டுவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிடுகிறவர்கள் இருந்தார்கள். என் வீட்டுக்காரருக்குக் கம்ப்யூட்டரில் சீட்டு விளையாட மட்டும்தான் தெரியும். அண்ணாச்சி அப்படி ஒன்றும் கேட்கவில்லை. "அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப் போனதற்கு அந்த இரண்டு சொல்லே போதுமானதாக இருந்தது.

"என்ன கோளாறு அண்ணாச்சி?"

"சவுண்டு வருது. கூடவே இன்னொண்ணும் வருது." கண்ணை மூடிக்கொண்டு, மூக்கால், 'ங்ங்ங்' என்று நெடுநேரம் இழுத்துக் காட்டினார். தெருவில் போன ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

பெட்டியை என் ஸ்பீக்கரில் மாட்டினேன். ஒரு இரைச்சலும் இல்லை. ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததும் காய்ச்சல் விட்டுப்போன கதைதான். அவர் நம்பாமல் ஸ்பீக்கர் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"வீட்டுலதான் தாயி அது வருது. பக்கத்துல பேண்டேஜ் துணி நெய்யுற தறி ஓடுது. மோட்டார் ஓடுறதுக்கு எர்த்து சரியில்லைன்னு நெனச்சேன். வீட்டுக்குப் பின்னாடி நானே குழி தோண்டி, உப்பும் கரியும் போட்டு, தாமிரத் தகடு எறக்கி, காலையில ரெண்டு வாளி சாயங்காலம் ரெண்டு வாளி தண்ணி ஊத்துதேன். ஒண்ணும் கேக்கல. குழியோரம் முருங்கைதான் நல்லா வருது."

யாருக்காக இவ்வளவும் என்பதை அதற்குப் பிறகுதான் சொன்னார். அவருடைய ஒரே மகன் சிவபாண்டி பட்டாளத்தில் இருந்தான். போன் சிக்னல் எட்டாத ஒரு மலையில் வேலை. வாரம் ஒரு தடவை கீழே கேம்ப்புக்கு இறங்கி வரும்போது, போனில் பேசிப் பதிவு செய்து வைத்திருந்ததை ஈமெயிலில் அனுப்புவான். அண்ணாச்சி ராஜபாளையத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய் அதைப் பென் டிரைவில் வாங்கி வந்து வீட்டில் போட்டுக் கேட்பார். மகன் போன லீவில் வரும்போது கேண்டீனில் வாங்கிவந்த ஹோம் தியேட்டர் பெட்டி வழியாகத்தான் கேட்பது. பதிலும் இவரே பேசி அனுப்புவார்.

"அவன் அம்மா, பய முன்ன மாதிரி இல்லைங்கா தாயி. வாரா வாரம் அதே நாலு வார்த்தை, கடமைக்குப் பேசுதான்னு சொல்லிச் சொல்லி ஒரு வாய் சோறு ஒழுங்கா எறங்க மாட்டேங்கு அவளுக்கு. எனக்கு அவன் குரல் சுத்தமா வேணும். ஒரு வார்த்தை விட்டுறக் கூடாது."

நாலு வார்த்தை பேசுகிற மகன், இரைச்சல் நின்றால் மட்டும் ஐந்து வார்த்தை பேசிவிடுவானா என்று எனக்குள் நினைத்தேன். கேட்கவில்லை. "ஹெட்போன் போட்டுக் கேளுங்களேன், இரைச்சல் வராதே" என்று மட்டும் சொன்னேன்.

"அது ஒருத்தர் காதுக்குத்தான். நாங்க ரெண்டு பேரு" என்று அந்தப் பேச்சை அதோடு முடித்துவிட்டார்.

பெட்டியின் பின்புறத்தைத் திருப்பினேன். சவுண்ட் கார்டில் வழக்கமான பச்சை, சிவப்பு, நீலத் துளைகளுக்குப் பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒன்று இருந்தது. அதுதான் டிஜிட்டல் அவுட். பச்சைத் துளை வழியாகச் சத்தம் மின் அலையாகவே போகும். வழியில் தறி மோட்டார் ஏதாவது முனகினால் அதையும் சேர்த்துக் கொண்டு போகும். ஆரஞ்சுத் துளையில் சத்தம் எண்களாகப் போகும். போய்ச் சேர்ந்த இடத்தில்தான் மறுபடி சத்தமாக மாறும். நடுவில் யார் முனகினாலும் எண் மாறாது. இதை நான் சொல்லி முடிப்பதற்குள் அவர், "வண்டியில நூலா அனுப்பாம, இத்தனை பேல்னு சீட்டு எழுதி அனுப்புத மாதிரி" என்றார். அவ்வளவு சரியில்லை. ஆனாலும் என் விளக்கத்தைவிட அது நன்றாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையத்துக்குப் போனேன். வீட்டுக்குப் போய் வேலை செய்கிற வழக்கம் எனக்கு இல்லை. அந்த முருங்கையைப் பார்க்கவேண்டும்போல இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாசலில் வரவேற்றது அவர் மனைவி பரிபூரணம் மதினி. "வா தாயி" என்று அவர் சொன்னது இரண்டு வீடு தாண்டிக் கேட்டிருக்கும். மில்லில் வேலை பார்த்தவர்கள் எல்லோருக்குமே குரல் அப்படித்தான், ஆயிரம் கதிர் சுற்றுகிற இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகியது. இருவரும் ஒரே மில். மதினி நூல் நூற்கிற ரிங் பிரேம் மிஷினில் இருபத்தாறு வருடம் அறுந்த நூலை ஒட்டினார். அண்ணாச்சி ஆலங்குளத்துப் பக்கம் வானம் பார்த்த பூமியில் பிறந்தவர். அப்பா மழை பொய்த்த வருடம் சுண்ணாம்புக் கல் வெட்டப் போனதைப் பார்த்துவிட்டு, பதினேழு வயதில் எண்ணெய் கேனோடு மில்லுக்குள் நுழைந்தார். பத்து வருடத்தில் மிஷின்களைப் பழுது பார்க்கிற பிட்டர் ஆனார். ரிட்டையர் ஆகும்வரை முப்பத்தெட்டு வருடம் அதே மில்.

நான் வயரைப் பிரித்துக்கொண்டிருந்தபோது மதினி எனக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, என் முகத்தையே பார்த்துக்கொண்டு கதை சொன்னார்.

"இவிய என்னைப் பொண்ணு கேட்டது எங்கன்னு நெனைக்க? ஓடுற பிரேமுக்கு அந்தப் பக்கம் நின்னு. சத்தம் இல்ல, வாயை மட்டும் அசைச்சாவ."

"என்ன கேட்டாவ?"

"'எங்க வீட்டுக்கு வாரியா'ன்னு. நான் 'மேஸ்திரி பாக்காரு'ன்னேன்."

அண்ணாச்சி ஹோம் தியேட்டருக்குப் பின்னால் குனிந்துகொண்டார். காது மடல் சிவந்திருந்தது. மில்லுக்குள் எல்லோரும் அப்படித்தான் பேசிக்கொள்வார்களாம். இரைச்சலில் தொண்டை கிழியக் கத்துவதற்குப் பதில், வாயசைவை வைத்தே வாங்கிக்கொள்வது. ஊர்ப் பொரணி, சீட்டுத் தவணை, காதல் எல்லாம் அப்படியே நடக்கும். முப்பது அடி தள்ளி நிற்கிற ஆளோடு ரகசியம் பேச அதைவிட நல்ல இடம் உலகத்தில் இல்லை என்றார் மதினி.

பிறகு அவர் முகம் வாடியது. "எம் மகன்தான் இப்பல்லாம் ஒண்ணும் பேச மாட்டேங்கான். 'சாப்பிட்டேன், நல்லாருக்கேன், குளிரு ஜாஸ்தி, ஒடம்பப் பாத்துக்கோங்க.' அம்புட்டுதான். அங்க எவளையும் பாத்து வச்சிருக்கானோ என்னமோ, எனக்குத் தெரியல." சொல்லிவிட்டுக் கீரை ஆய எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஹோம் தியேட்டரின் பின்புறம் டிஜிட்டல் இன் துளை இருந்தது. அதற்கென்று தனி வயர் கடையில் கிடைக்கவில்லை. டி.வி.க்குப் படம் போகிற மஞ்சள் பின் வயரே போதும், அதைத்தான் செருகினேன். சத்தம் வரவில்லை. ரிமோட்டில் உள்ளீட்டை மாற்றினேன். வரவில்லை. கம்ப்யூட்டரில் வால்யூம் கண்ட்ரோல் ஜன்னலுக்குள் போய், அதற்குள் இன்னொரு ஜன்னலைத் திறந்து, அங்கே மூலையில் ஒளிந்திருந்த 'டிஜிட்டல் அவுட்' கட்டத்தில் டிக் போட்டேன். மாட்டியிருந்த பக்திப் பாட்டு சி.டி. திடீரென்று வீடு நிறையப் பாடியது. நிறுத்தியதும் அப்படி ஒரு அமைதி. பக்கத்துத் தறி ஓடிக்கொண்டேதான் இருந்தது, ஆனால் ஸ்பீக்கருக்குள் அது வரவில்லை.

அண்ணாச்சி ஒரு நீள ஸ்குரூ டிரைவரை எடுத்து, முனையை ஸ்பீக்கர் பெட்டி மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு அழுத்திக் கேட்டார். மில்லில் ஓடுகிற மிஷினின் பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கிற முறை அது. "செத்துப் போச்சு தாயி, இரைச்சல் செத்தே போச்சு" என்றார். பென் டிரைவைச் செருகி மகன் அனுப்பிய பதிவை அவரே தட்டினார்.

ஒன்றுமில்லை. திரையில் கோடு நகர்ந்துகொண்டிருந்தது. ஸ்பீக்கரில் மூச்சுக் கூட இல்லை.

பாட்டைப் போட்டால் பாடுகிறது. மகன் குரலைப் போட்டால் ஊமை. வயரைக் கழற்றி மாட்டினேன், டிக்கை எடுத்துப் போட்டேன், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். ஒரு மணி நேரம் ஓடியது. எனக்குக் கோபம் வந்தால் பொருளின் மேல் காட்டுவேன். மவுஸைக் கொஞ்சம் பலமாகவே வைத்தேன். அண்ணாச்சி கோபப்படவில்லை. நிதானமாகக் கேட்டார்.

"பாட்டு ஓடுதுல்லா? அப்ப பிரேம்ல கோளாறு இல்ல. நாப்பதாம் நம்பர் நூல் ஓடிக்கிட்டிருந்த பிரேம்ல, நூலு மொத்தமாவோ சன்னமாவோ வேணும்னு நம்பரை மாத்தணும்னா வீல் மாத்தணும் தாயி. மாத்தாமப் போட்டா நூலு நிக்காது. இவன் குரலு வேற நம்பரோ?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். டிப்ளமோ படித்தது நான், கண்டுபிடித்தது அவர். பாட்டு சி.டி.யில் ஒரு நொடிச் சத்தம் நாற்பத்து நாலாயிரத்து நூறு துண்டாக வெட்டப்பட்டிருக்கும். போனில் பதிந்த குரலில் வெறும் எட்டாயிரம் துண்டு. பச்சைத் துளைக்கு எல்லாம் ஒன்றுதான். ஆரஞ்சுத் துளையோ அந்தக் கார்டில் பெரிய எண்ணை மட்டும்தான் வெளியே விடும். எட்டாயிரத்தைக் கண்டால் வாயை மூடிக்கொள்ளும். பதிவை நாற்பத்து நாலாயிரத்துக்கு மாற்றினால் போதும். அவர் மொழியில் சொன்னால், வீல் மாற்றவேண்டும்.

மாற்றுவதற்கு முன் பதிவு கெட்டுப்போகவில்லையே என்று பார்க்க, டிக்கை எடுத்துவிட்டு என் ஹெட்போனைப் பச்சைத் துளையில் செருகிக் கேட்டேன். அப்போதுதான் எனக்குக் குழப்பம் தொடங்கியது. மதினி சொன்ன மகன் இவன் இல்லை. எட்டு நிமிடம் பேசியிருந்தான். கறிவேப்பிலை இல்லாமல் ரசம் வைத்தது, கூட இருக்கிற வடநாட்டுப் பையன் அதைக் குடித்துவிட்டு அழுதது, காலையில் பூட்ஸுக்குள் பனி கிடந்தது எல்லாம் சொன்னான். பிறகு குரல் தணிந்தது.

"எம்மா, மூணாவது வாட்டி கேக்கேன். முட்டு வலிக்கு இங்க ஒரு தைலம் கெடைக்கு, அனுப்பவா வேண்டாமா? நான் எது கேட்டாலும் பதில் வர மாட்டேங்கு. எம்மேல கோவமா? அப்பாதான் எப்பவும் பேசுதாவ. நீ ஒரு தடவை பேசி அனுப்பும்மா. திட்டியாவது அனுப்பு."

இதில் எங்கே இருக்கிறது நாலு வார்த்தை? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பதிவை மாற்றிச் சேமித்து, ஆரஞ்சுத் துளைக்குத் திருப்பிவிட்டுப் போட்டேன். சிவபாண்டியின் குரல் நடு வீட்டில் நின்று பேசுவதுபோல வந்தது. அண்ணாச்சி சத்தத்தைக் கூட்டினார், இன்னும் கூட்டினார். நான் மதினியைக் கூப்பிட அடுப்பங்கரைக்கு ஓடினேன்.

மதினி எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மகன் குரல் சுவரில் முட்டித் திரும்பிக்கொண்டிருந்தது. அவர் திரும்பவில்லை. "மதினி" என்றேன். இன்னும் சத்தமாக "மதினி" என்றேன். கீரைத் தண்டை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். என் கால் அப்படியே நின்றுவிட்டது. வந்ததிலிருந்து அவர் என் முகத்தைப் பார்க்காமல் ஒரு வார்த்தைகூட என்னோடு பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

நான் திரும்பி வந்து பதிவை நிறுத்தினேன். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"அண்ணாச்சி, மதினிக்குக் காது கேக்கல. பக்கத்துல நின்னு கூப்பிட்டாலும் கேக்கல. நீங்க குழி தோண்டி, வயர் மாட்டி, பஸ்ஸுல பெட்டியைச் சுமந்து... எதுல கோளாறுன்னே தெரியாம எதைச் சரி பண்ணுதீங்க?"

அவர் அடுப்பங்கரைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மெதுவாப் பேசு தாயி. அவளுக்குக் கேக்காதுன்னு எனக்குப் பன்னெண்டு வருசமாத் தெரியும். மில்லுல குடுத்ததுதான் அது. மதுரையில காட்டியாச்சு, காது மிஷினும் வாங்கி வச்சுப் பாத்தாச்சு, அதுல இரைச்சல்தான் வருதுங்கா. அவ கேக்கதெல்லாம் என் வாயைப் பாத்துத்தான். பய பேசப் பேச நான் வாயசைப்பேன், அவ வாங்கிக்கிடுவா."

"அப்புறம் எதுக்கு இம்புட்டும்?"

அவர் தன் இடது காதைத் தொட்டுக் காட்டினார்.

"எனக்கும் போயிட்டு வருது தாயி. எடது காது சுத்தமா இல்ல. வலதுல பாதி. சும்மாப் பேசுனா சமாளிச்சுக்கிடுதேன். அந்த இரைச்சலோட பய பேசுனா ஒண்ணும் புடிபடல. ஹெட்போன் போட்டா சத்தம் பத்தல, அதை அவகிட்ட எப்படிச் சொல்ல? அவ எதிர்ல உக்காந்து என் வாயையே பாத்துக்கிட்டிருக்கா. நான் என்ன செய்ய? 'சாப்பிட்டேன், நல்லாருக்கேன், குளிரு ஜாஸ்தி'ன்னு நானா வாயசைச்சேன். நாலு மாசமா அவன் பேசல தாயி, நான்தான் பேசுதேன். அதைப் பாத்துட்டு அவ, பய மாறிட்டான்ங்கா."

அப்படியானால் மூன்று தடவை கேட்டும் தைலத்துக்குப் பதில் போகாதது அதனால்தான். என் ஆத்திரம் போன இடம் தெரியவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது அண்ணாச்சியின் பார்வை எனக்குப் பின்னால் போய் நின்றிருந்தது.

அடுப்பங்கரை நிலையில் மதினி நின்றிருந்தார். கையில் கீரைக் கட்டு. முப்பது அடிக்கு அப்பால் பிரேம் தாண்டி நின்றவரின் வாயைப் படித்தவருக்கு இந்த வீடு எம்மாத்திரம்? அத்தனை வருடம் வாயசைவிலேயே குடும்பம் நடத்திய மனிதர், ரகசியம் என்றதும் குரலைத்தான் தாழ்த்தினார். வாயை மறைக்கத் தோன்றவில்லை.

"எத்தனை நாளா?" என்றார் மதினி. அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது, தெருவுக்கே கேட்டிருக்கும்.

"ரெண்டு வருசம் இருக்கும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ பயந்துக்கிடுவன்னு..." என்று அண்ணாச்சி இழுத்தார். மதினி கீரையை வைத்துவிட்டு வந்து, அவருக்கு எதிரே, முழங்கால் முழங்காலை இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்தார். "போடு தாயி" என்றார் என்னிடம்.

போட்டேன். அண்ணாச்சி நல்ல காதை ஸ்பீக்கர் பக்கம் கொடுத்து, முகத்தை மதினிக்குக் காட்டி, வாயசைக்கத் தொடங்கினார். ரசம் வந்தது, மதினி சிரித்தார். வடநாட்டுப் பையன் அழுதது வந்தது, "பாவம்" என்றார். பூட்ஸுக்குள் பனி என்றதும் தன் காலைத் தடவிக்கொண்டார். தைலத்தைப் பற்றியும், எம்மேல கோவமா என்பதைப் பற்றியும் வந்தபோது அண்ணாச்சியின் உதடு நடுங்கியது. ஆனாலும் ஒரு வார்த்தையைக் கூட விடவில்லை.

இது நடந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. சிவபாண்டி இப்போது ரிட்டையராகி ஊரோடு வந்துவிட்டான். என் கடையில் இப்போது கண்காணிப்புக் கேமராதான் விற்கிறது. ஆரஞ்சுத் துளை வைத்த கார்டைக் காட்டினால் இது என்னக்கா என்று கேட்கிறார்கள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருகிற ஆளும் இல்லை. அந்தக் காலத்தில் எத்தனையோ கம்ப்யூட்டரைச் சரிசெய்திருக்கிறேன். திரும்ப ஒரு நாள் கிடைக்கும் என்றால் அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் கேட்பேன்.

பதிவு முடிந்ததும் மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் பேசணும்னா எதுல பேசணும்?" என்று கேட்டார். ஹெட்போனில் மைக் இருந்தது. அதை அவர் வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு, பதிவைத் தொடங்கிக் கையைக் காட்டினேன். மில் குரல், முதல் சொல்லுக்கே திரையில் கோடு மேலே போய் முட்டிச் சிவப்பானது. குறைக்க எனக்கு மனம் வரவில்லை.

"ஏலே சிவா, அம்மா பேசுதேன். கோவமெல்லாம் ஒண்ணுமில்லலே. நீ கேட்டது எனக்கு இன்னைக்குத்தான் வந்து சேந்துச்சு. தைலம் அனுப்பு. இனிமே பேசும்போது மெள்ளப் பேசு, விட்டு விட்டுப் பேசு. உங்க அப்பாவுக்கும் காது போயிட்டு வருது. அவியளுக்குக் கேட்டாத்தாம்லே எனக்குக் கேக்கும்."